பச்சை மெஷினின் மேல்பாதி

வால்னட் ரிட்ஜ், அயோவா
ஏப்ரல் 26, 1994

அன்புள்ள எல்டன்,

இருமல் குறைந்ததா, தலையணையை உயர்த்தி வைத்துத்தான் படுக்கிறாயா, மகள் வீட்டுச் சாப்பாடு பிடிக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் சண்டைக்கு வர வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவை எடுத்தேன். கேட்டாயிற்று. இனிச் சண்டை.

நேற்று இந்தியானாவிலிருந்து ராண்டல் பிக்ஸ் என்று ஒருவன் போன் செய்தான். பழைய மெஷின்களை வாங்கி விற்கிற வியாபாரியாம். குரலில் தேன் ஒழுகியது. "மேடம், காசு போட்டா சோளம் பொரிச்சுக் குடுக்கிற பச்சை மெஷின் ஒண்ணோட கீழ்ப்பெட்டி உங்ககிட்ட இருக்காமே? மேல்பாதிக்கு அரிசோனாவுல எல்டன் சாரோட பேசி முடிச்சாச்சு. அவரு சரின்னுட்டாரு. பாக்கி நீங்கதான்" என்றான்.  

வாங்கி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். உணவகங்களின் வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்தவாம். "உள்ள இருக்கிற மோட்டாரு, சட்டி, ஒயரு எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு ஒரு லைட்டை வச்சிருவோம் மேடம். பார்க்க ஜோரா இருக்கும்" என்றான். அவன் உருவிப் போடப்போகிற அந்த மோட்டாரை நீ உன் அடுக்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, கம்பி சுற்றுவதும் பிரிப்பதுமாக எத்தனை குளிர்காலத்தைக் கழித்திருக்கிறாய்! யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். 

அந்த ஏலம் உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. நான் ஞாபகப்படுத்துகிறேன். ஸ்கேட்டிங் கொட்டகையை மூடிவிட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். மெஷின் முழுசாக வாசலைத் தாண்டி வரவில்லை என்று மேல்பாதியைக் கழற்றி, ஓட்டை உடைசல்களைக் குவித்திருந்த வைக்கோல் வண்டியில் போட்டுவிட்டார்கள். கீழ்ப்பெட்டி சுவரோரம் தனியாக நின்றது. நீ வண்டிக் குவியலை வாங்கினாய், நான் பெட்டியை வாங்கினேன். சர்ச் பெண்கள் கேக் விற்ற மேஜைக்கு முன்னால் நின்று, யாருக்கு என்ன கிடைத்தது என்று பீற்றிக்கொண்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டிலும் ஒரே எண் குத்தியிருக்கிறது. "எனக்குக் குடுத்துடு ஆர்டிஸ்" என்றாய். "நீ குடுத்துடு" என்றேன். கையிலிருந்த கேக் காய்ந்ததுதான் மிச்சம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் சந்தையிலும், பழைய மெஷின் சேகரிக்கிற நம் சங்கத்தார் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, நீ என்னிடம் விலை கேட்பாய், நான் உன்னிடம் விலை கேட்பேன். காசு விழுந்து சோளம் பொரிகிற இடம்தான் மெஷின், உன்னுடையது வெறும் அலமாரி என்பாய். கண்ணாடியும் தங்க எழுத்தும் இல்லாவிட்டால் உன்னுடையது வெறும் இரும்புச் சட்டி என்பேன். என்னுடைய மற்ற மெஷின்களுக்கெல்லாம் ஒயர் மாற்றிக் கொடுத்தவன் நீ. உன் மெஷின்களுக்கெல்லாம் துரு எடுத்து வண்ணம் அடித்தவள் நான். இந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் பிடித்த பிடியை விடவில்லை.

பிப்ரவரியில் உன் மகள் ரோண்டா உன்னைக் கூட்டிப்போக வந்தபோது உன் மெஷின்களையெல்லாம் சங்கத்தாருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டாய். மேல்பாதியை மட்டும் கம்பளியில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டாய். உனக்கு பெல்ட் போட வைக்க அவள் கத்த வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் யாரும் சொல்லாமலே போட்டாய். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. இவன் திரும்பி வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதையும் விற்றுவிட்டாய் என்றால் நான் என்ன நினைப்பது?

மற்றபடி இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உன் வீட்டில் எந்தக் குழாயும் உறைந்து வெடிக்கவில்லை. வாரம் ஒருமுறை போய் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறேன். பின்பக்கம் ருபார்ப் செடி தளதளவென்று கிளம்பியிருக்கிறது. பக்கத்து வீட்டு பெர்னீஸ் உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். அவளுக்கு மூட்டுவலி, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை.

அங்கே சோளம் பொரியவே மாட்டேன் என்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்தக் காற்றில் மனுஷனே காய்ந்துபோவான், சோளம் எம்மாத்திரம்? முத்துக்குள் ஈரம் இருந்தால்தானே வெடிக்கும். ஜாடியில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, சில நாள் வைத்துவிட்டுப் பொரித்துப் பார். இந்த ஊர்ச் சோளம் ஒரு பை தனியாக அனுப்புகிறேன். கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக நீ பட்டாணி மாதிரி கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

போனில் கேட்கலாம் என்றால் நான் சொல்வது உனக்குக் கேட்காது, நீ சொல்வது ஊருக்கே கேட்கும். ஆகவே விற்றாயா இல்லையா என்று ஒரு வரி எழுதிப் போடு. இல்லை என்று எழுதினால் மற்றதையெல்லாம் மன்னித்துவிடுகிறேன்.

கோபத்தோடும் அக்கறையோடும்,
ஆர்டிஸ்


வால்னட் ரிட்ஜ், அயோவா
ஜூன் 3, 1994

அன்புள்ள எல்டன்,

உன் கடிதம் கிடைத்தது. நீ பேனாவை அழுத்தின அழுத்தில் காகிதம் கிழிந்தே போயிருக்கிறது. இந்த அளவுக்குக் கோபப்பட உடம்பில் தெம்பு இருக்கிறது என்று தெரிந்து நிம்மதியாக இருந்தது.

"முதல்ல வித்தது நீதானே! ஆர்டிஸ் மேடம் பெட்டியைக் குடுத்துட்டாங்கன்னு அந்த ஆள் சொன்னான். அவளே கைவிட்டுட்டா, இனி இந்தச் சட்டியைக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்றதுன்னுதான் சரின்னேன்" என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுகையும் வந்துவிட்டது. என்னிடம் போனில் பேசின பிறகுதான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறான். இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறான், நாமும் ஆளுக்கொரு பக்கம் இருந்துகொண்டு நம்பியிருக்கிறோம். அவன் மேல் வருகிற கோபத்தைவிட, ஒரு வார்த்தை கேட்காமல் நம்பினோமே என்று நம் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அவனுக்கு அனுப்ப ரோண்டா கட்டி வைத்த மேல்பாதியை நீ மறுபடி பிரித்துவிட்டாய் என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே ராண்டல் வேனை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டான். வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் பெர்னீஸ் விடவில்லை. "ஏண்டி, இவ்வளவு தூரம் வந்து பொய் சொல்ற ஆளை நான் பார்த்ததே இல்ல. உள்ள கூப்பிடு" என்று காதைக் கடித்தாள். உன் ருபார்ப்பின் புளிப்புத் தண்டைப் போட்டுச் செய்த கேக்கும் காபியும் கொடுத்தோம். நன்றாகச் சாப்பிட்டான். கேக்கைப் பாராட்டினான், திரைச்சீலையைப் பாராட்டினான், பெர்னீஸின் செருப்பைக்கூடப் பாராட்டினான்.

பிறகு கேக் தட்டும் கையுமாகவே அவனைக் கராஜுக்குக் கூட்டிப்போனேன். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். கதவைத் திறந்தான். நான் என்னவென்று பார்ப்பதற்குள் கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியின் உள்பக்கத்தில் வாயால் ஊதி, அழுத்தித் துடைத்துவிட்டான்! எல்டன், நான் போட்ட சத்தத்தில் பெர்னீஸ் காபியைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டாள். உள்பக்கத்தைத் தொடாதே என்பதுதான் நம் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்கிற பாடம். எழுத்தை அந்தப் பக்கம்தானே தீட்டியிருக்கிறார்கள். கடைசி எழுத்தின் வால் கண்ணாடியை விட்டு அவன் கைக்குட்டைக்குப் போய்விட்டது.

"அழுக்குன்னு நெனச்சேன் மேடம்" என்றான். "அழுக்கில்லப்பா, அது தங்க ரேக்கு" என்றேன். கைக்குட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகம் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, எல்டன் விற்றதாக ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "வியாபாரத்துல இதெல்லாம் சகஜம்தானே மேடம். ஒருத்தர் விட்டுட்டாருன்னா இன்னொருத்தரும் விட்டுருவாங்க. எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான்" என்றான். "இங்க நடக்காது தம்பி. கேக்கைக் கீழ வச்சிட்டுக் கிளம்பு" என்றாள் பெர்னீஸ். அவன் தட்டில் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை.

போகிறபோது அவன் ஒன்று சொன்னான். உன்னிடம் மேல்பாதி இருப்பது அவனுக்கு ரோண்டா மூலமாகத்தான் தெரியுமாம். அவள்தான் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். இதற்காக அவளைத் திட்டாதே. சின்ன வீடு, இரண்டு பிள்ளைகள், நடுவில் அப்பாவும் அப்பாவின் இரும்புச் சட்டியும் என்றால் யாருக்கும் மூச்சு முட்டும். உன்னைக் கூட்டிப்போய் வைத்துப் பார்த்துக்கொள்கிறாளே, அதற்கு நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எழுத்தின் வாலைத் திரும்பத் தீட்டலாமா என்று பார்த்தேன். தூரிகையைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ பார்த்துவிட்டுச் சொல்.

கையெழுத்துப் போட்டதற்குக் கீழே பொடிப்பொடியாக, இனி ஓர் அயோவாக் குளிர்காலத்தை உன் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். மேலே எழுத வேண்டியதைக் கீழே எழுதுகிற வழக்கம் உனக்கு எப்போதும் உண்டு. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்கு இன்று தெரியவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

ஒழுங்காக மருந்து சாப்பிடு. மேல்பாதியை வெயில் படும் இடத்தில் வைக்காதே.

என்றும் உன் நலம் நாடும்,
ஆர்டிஸ்


வால்னட் ரிட்ஜ், அயோவா
ஆகஸ்ட் 15, 1994

அன்புள்ள எல்டன்,

சோளம் வெடித்தது என்று எழுதியிருந்தாய். ரோண்டாவின் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி நின்று குதித்தார்கள் என்பதைப் படித்து மனசு குளிர்ந்தது. ஒரு கரண்டித் தண்ணீர்தான் வித்தியாசம், பார்த்தாயா?

சந்தை நேற்று முடிந்தது. மழை இல்லை, கூட்டம் உண்டு. சங்கத்தார் கொண்டுவந்த மெஷின்களில் பாதி பொரித்தது, பாதி புகைந்தது, வழக்கம்போலத்தான். சாயங்காலம் நாம் இருவரும் விலை கேட்கிற நேரம் வந்ததும் எல்லோரும் பழக்கதோஷத்தில் என் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.  பெர்னீஸ்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அச்சாக உன் குரலில், "ஏ அலமாரிக்காரி, இந்த வருஷமாவது குடுக்கிறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "முடியாது, சட்டியை நீ குடு" என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு எலுமிச்சை ஜூஸ் வாங்கப் போகிறேன் என்று அந்தப் பக்கம் போய்விட்டேன். ஜூஸ் வாங்கவில்லை. நீ இல்லாமல் எனக்கு நன்றாகவே இல்லை எல்டன். அதை எழுதுவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

இன்னொரு சேதி. பெட்டியின் கதவுக் கீலைக் கழற்றினேன். அடியில் என்ன இருந்தது தெரியுமா? சிவப்பு! நல்ல செர்ரிப்பழச் சிவப்பு. கொட்டகைக்காரர் யாரோதான் பிற்பாடு மேலே பச்சையை அடித்திருக்கிறார். இத்தனை வருஷமாகப் பச்சை மெஷின், பச்சை மெஷின் என்று மல்லுக்கு நின்றோமே, அது பிறந்தபோது பச்சையே இல்லை. நம்பாவிட்டால் உன் மேல்பாதியில் காசு போடுகிற தகட்டைக் கழற்றி அடியில் பார். சங்கத்தில் சொன்னால் பச்சையைச் சுரண்டி எடு என்று ஒரு கூட்டமும், கை வைக்காதே என்று ஒரு கூட்டமும் கிளம்பும். நான் யாரிடமும் சொல்லவில்லை. நாம் பார்த்துப் பழகியது பச்சை, பச்சையாகவே இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் சம்மதம் வேண்டும். பாதி உன்னுடையது.

இப்போது போன கடிதத்தில் பாக்கி வைத்த பதிலுக்கு வருகிறேன். டாக்டர் சொன்னதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். குளிர்காலம் கூடாது என்றுதானே சொன்னார்? கோடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. நம் ஊரிலிருந்து எத்தனையோ பேர் அறுவடை முடிந்ததும் பறவைக்கூட்டம் மாதிரி அரிசோனாவுக்குப் போய், பனி கரைந்த பிறகு திரும்பி வருகிறார்கள். அவர்களைப் பார்த்து, சோம்பேறிகள், கொஞ்சம் பனியைத் தள்ள முடியவில்லையா என்று கேலி செய்தவர்கள் நாம்தான். அந்தக் கேலியை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அதனால் இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறேன். அக்டோபர் கடைசியில் கண்ணாடியைப் போர்வைகளில் சுற்றி, பெட்டியை என் பிக்-அப் வண்டியில் ஏற்றிக்கொண்டு நீ இருக்கிற மேசாவுக்கு வருகிறேன். பெர்னீஸின் தம்பி அங்கே குளிர்காலத்துக்கு வாடகைக்கு விடுகிற டிரெய்லர் வீடு ஒன்று ரோண்டா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறதாம், சொல்லி வைத்துவிட்டேன். குளிர்காலம் முழுக்க நீ ஒயரைப் பார், நான் தகரத்தைப் பார்க்கிறேன். மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொண்டு என்னைக் குறை சொல்லு, அது உனக்கு நன்றாக வரும். ஏப்ரலில் மெஷினை முழுசாக ஏற்றிக்கொண்டு, நீயும் வா. உன் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆகஸ்ட் சந்தையில் சங்கத்தார் வாயைப் பிளந்து நிற்கட்டும்.

பெட்டி என் கராஜை விட்டு ஓர் அடி நகராது என்று ஊர் முழுக்கச் சத்தியம் செய்தவள் நான். "மெஷினைக் கொண்டுபோய்க் குடுக்கவா நீ போற? அதுக்குத்தான் லாரிக்காரன் இருக்கானே" என்று பெர்னீஸ் கேட்டாள். லாரிக்காரனுக்குக் கண்ணாடியின் அருமை தெரியாது என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பைக் கடிதத்தில் எழுத முடியாது.

ரோண்டாவுக்கும் தனியாக எழுதியிருந்தேன். உன்னிடம் நானேதான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். நல்ல பெண். "அப்பா பகலெல்லாம் அந்தச் சட்டியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு ஆர்டிஸ் ஆன்ட்டி. அது கண்ணு முன்னாடி இல்லாட்டி ஊர் ஞாபகம் வராது, மனசு தேறும்னு நெனச்சுத்தான் அந்த ஆளைக் கூப்பிட்டேன். தப்புப் பண்ணிட்டேன்" என்று பதில் எழுதியிருக்கிறாள். கராஜில் ஒரு பக்கத்தை ஒழித்துத் தருவதாகச் சொல்கிறாள்.

அவளை வைத்து நம் பழைய வழக்கு ஒன்றும் தீர்ந்தது. பழுது பார்த்த மெஷினில் பொரிகிற முதல் பையை, யாரிடமிருந்து வாங்கினோமோ அவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். கொட்டகைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், யாருக்குக் கொடுப்பது என்று ஒவ்வொரு சந்தையிலும் அடித்துக்கொண்டோம். ரோண்டாவுக்குக் கொடுப்போம். மேல்பாதியை விற்கப் போனவள் அவள்தானே, பிறகு விற்காமல் நமக்கே விட்டுக்கொடுத்தவளும் அவள்தான்; அப்படிப் பார்த்தால் அவளிடமிருந்துதான் வாங்கியிருக்கிறோம். கொடுக்கிறபோது இதைச் சொல்லிக் கொஞ்சம் சீண்டவும் செய்யலாம்.

அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை என் தபாலை நிறுத்தி வைக்கச் சொல்லித் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். மெஷின் வேலை இருக்கிறது என்றேன்.

இந்த ஏற்பாடு வேண்டாம் என்றால் உடனே எழுதிவிடு, நான் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. வேண்டும் என்றால் ஒன்றும் எழுத வேண்டாம். நான் வந்து சேருகிற அன்று கராஜ் கதவு திறந்திருந்தால் போதும், புரிந்துகொள்வேன். ஆனால் முழுக்கத் திறந்து வை, எல்டன். பெட்டி அகலமானது. அன்றைக்கு வாசல் குறுகலாக இருந்ததால்தான் பாதி உன்னிடமும் பாதி என்னிடமுமாகப் போயிற்று.

அதுவரை கடவுள் உன் மூச்சைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

புறப்படத் தயாராக இருக்கும்,
உன் அலமாரிக்காரி
ஆர்டிஸ்